மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் பயணம் அழைத்துப் போகும் நம்மூர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, மேட்டுப்பாளையம் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து வார இறுதியில் ஆள் சேர்த்து, வண்டி பேசி, மலைக்கும் காட்டுக்கும் அழைத்துப் போகும் குழுக்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. இவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் படித்த இளைஞர்கள், காட்டின் மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள் என்பதை நான் அறிவேன். அந்த ஆசையை மதித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அண்மைக் காலமாக உங்களில் சிலருடைய அறிவிப்புகளில் தெங்குமரஹடா (நீலகிரிச் சரிவுக்குக் கீழே மாயாற்றை ஒட்டிய காட்டூர்), மாயாற்றங்கரை, ஆற்றில் குளியல், கரையில் சமையல், பரிசல் பயணம் என்ற சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. யாரும் எளிதில் போக முடியாத இடம் என்பதே அந்த அறிவிப்புகளில் பெரிய கவர்ச்சியாகச் சொல்லப்படுகிறது.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குக்குள் மாயாறு ஓடும் கரையை உங்கள் பயணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஆற்றைக் கண் நிறையப் பார்ப்பதற்கு வேறு நல்ல இடங்கள் உண்டு; அவற்றையும் கீழே எழுதுகிறேன். கரையில் மட்டும் இறங்காதீர்கள்.

நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் வைக்கும் சத்தியமங்கலம் வட்டத்து உழவன். வனத்துறைக்காரனும் அல்லன், ஆராய்ச்சியாளனும் அல்லன். ஆனால் என் வயலில் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் வருகிறது. உங்களில் பலருடைய குடும்பங்களின் தோட்டங்களுக்கும் அப்படித்தான். 1948இல் தொடங்கி 1955இல் முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் பவானியும் மாயாறும் வந்து கலக்கின்றன. 32.8 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்த அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அணைக்குக் கீழே கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், பவானிக்கு அருகே காலிங்கராயன் வாய்க்காலும் இதே தண்ணீரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மாயாறு நமக்கு எங்கோ தொலைவில் கிடக்கும் காட்சிப் பொருள் அன்று. நம் சோற்றில் இருக்கிற ஆறு அது.

அந்த ஆற்றின் போக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அந்த நிலத்தின் அமைப்பில்தான் இருக்கிறது. நீலகிரியின் மேற்கே முக்குருத்திப் பக்கத்தில் பைக்காராவாகப் பிறக்கும் நீர், 1932 முதல் மின்சாரம் எடுத்துவரும் நீர்மின் நிலையங்களைத் தாண்டி, முதுமலைக் காட்டினூடே வந்து, மாயாறு என்னும் சிற்றூரின் அருகே அருவியாக விழுகிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவுக்கு அது ஓர் ஆழமான பிளவுக்குள் புகுந்து கிழக்கே ஓடுகிறது. மைசூர் டிச், அதாவது மைசூர் அகழி, என்று பழைய பெயர் பெற்ற பிளவு அதுதான். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு சுவர்போல ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. வடக்கே மேற்குப் பகுதியில் பந்திப்பூர்க் காடும், கிழக்கே வரவரத் தலமலைக் காடுகளும் உள்ளன. பிளவு விரிந்து பள்ளத்தாக்காகும் இடத்தில் கல்லாம்பாளையம், அல்லிமாயார், தெங்குமரஹடா ஆகிய ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஆறு அகன்று நடந்து பவானிசாகர் நீர்ப்பரப்பில் சேர்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரியின் மேற்கு முகத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வரும்போது ஈரம் இழந்து வருகிறது. எனவே பள்ளத்தாக்கின் பெரும்பகுதி வேலமும் ஊஞ்சையும் கிளுவையும் கலந்த முட்காடு. மாசி பிறந்துவிட்டால் ஓடைகள் வற்றிவிடும். குட்டைகளின் அடியில் சேறு வெடிக்கும். அப்போது அந்தப் பெருங்காட்டில் பச்சையாக இருப்பது ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் ஒரு கீற்று மரவரிசை மட்டும்தான். நீர்மருது, நாவல், புங்கன், அத்தி ஆகியவை நிற்கும் அந்தக் கீற்று பல இடங்களில் ஒரு கூப்பிடு தூரம்கூட அகலம் இல்லாதது. வேறெங்கோ பெய்த மழை அந்த வறண்ட நிலத்துக்கு நடுவே ஆறாக ஓடி, கோடை முழுவதும் அங்குள்ள உயிர்களைத் தாங்குகிறது.

நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்க நினைப்பதும் அதே கீற்றில்தான். நிழல், மணல், தண்ணீர் மூன்றும் அங்குதான் இருக்கின்றன. சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் முதுமலையும் பந்திப்பூரும் சேர்ந்த மிகப் பரந்த காடு இது, அதில் நாங்கள் பத்துப் பேர் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன கெட்டுவிடும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். காடு பரந்ததுதான், ஆனால் கோடையில் அதன் தண்ணீர் பரந்ததன்று. நீங்கள் உட்காரும் மூலைக்குத்தான் மற்ற எல்லாமும் வந்தாக வேண்டும்.

அந்தக் கரையில் ஒரு பத்தடி மணலைக் குனிந்து பார்த்தால் யார் யார் வருகிறார்கள் என்பது தெரியும். யானையின் அடிச்சுவட்டில் நீர் ஊறி நிற்கும். அதன் விளிம்பில் மானின் குளம்புத் தடம் பதிந்திருக்கும். பாறையின் மேல் நண்டின் ஓடும் மீனின் செதிலும் கலந்த நீர்நாயின் எச்சம் காய்ந்து கிடக்கும். முதலை வெயில் காய்ந்துவிட்டு இறங்கிய இடத்தில் வயிறு உரசிய பள்ளமும் இருபுறமும் நகத் தடமும் இருக்கும். தலையை நிமிர்த்தினால், நீர்மருதின் உச்சிக் கிளையில் சுள்ளிகளை அடுக்கிய பெரிய கூடு ஒன்று இருக்கலாம். அதன் கீழே இலைகள் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். அது பாறு கழுகின் கூடு. அப்படிப்பட்ட ஒரு மரத்தடியில், அதே மணலில், பாட்டிலின் அடிப்பாகம் உடைந்து கூர் மேலே நோக்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். யானையின் உள்ளங்கால் பார்வைக்குத் தடித்த தோலாகத் தெரிந்தாலும் கண்ணாடிச் சில்லு அதில் ஆழமாக ஏறும். ஏறினால் சீழ் பிடிக்கும். நடந்தே வாழும் அந்த உயிருக்குக் கால் புண்பட்டால் பிழைப்பு இல்லை.

பாறு கழுகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் இந்தப் பறவை, 1990களுக்கு முன் நம் ஊர்களின் புறத்தே செத்த மாடு கிடந்தால் கூட்டமாக வந்து இறங்கியது. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோனது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோபினாக் மருந்துதான் காரணம். அந்த மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை செத்து விழுந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவை 2023இல் தடை செய்யப்பட்டன. இவ்வளவு அழிவுக்குப் பிறகும் தென்னிந்தியாவில் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மிக முக்கியமான இடமாக எஞ்சியிருப்பது இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருதில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு நீலகிரியின் எப்பநாட்டுப் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில் கட்டுகிறது. செந்தலைப் பாறும் இங்கு உண்டு.

ஒரு இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கூட்டைச் சீர்செய்யும் காலம் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குகிறது. குஞ்சு பறக்கும்போது பங்குனி, சித்திரை ஆகிவிடும். இதே மாதங்களில் உங்கள் நாட்காட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தீபாவளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், பிறகு கோடை விடுமுறை. மரத்தடியில் பாட்டுப்பெட்டி அலறினாலோ, கூட்டுக்கு நேர் மேலே டிரோன் பறந்தாலோ தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். முட்டையும் குஞ்சும் வெயிலில் திறந்து கிடக்கும். அந்த ஆண்டுக்கு அந்த இணையின் கணக்கு அதோடு முடிந்துவிடலாம். கூடு கட்டும் பருவமும், யானைகள் தண்ணீரைத் தேடி ஆற்றுக்கு இறங்கும் பருவமும், நாம் ஓய்வாக இருக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இதில் பெரிய சிக்கல். நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

வாய்க்கால் பாசனத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று தண்ணீர் விடுகிறார்கள். அடுத்தவன் முறையில் நம் வயல் காய்ந்தாலும் மடையைத் தொடமாட்டோம். தொட்டால் ஊர் நம்மைக் கேட்கும். பற்றாக்குறையான தண்ணீரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது நம் பாட்டன் காலத்திலிருந்து வரும் பழக்கம். மாயாற்றங்கரையில் ஐப்பசி முதல் வைகாசி வரை அந்த உயிர்களின் முறை. அந்த முறையில் நாம் போய் இறங்குவது மடையை உடைப்பதற்குச் சமம்.

மழைக்காலத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். அப்போது ஆறே உங்களைத் தடுக்கும். பைக்காராப் பக்கம் மழை பெய்து அணைநீர் திறக்கப்பட்டாலோ, மின் நிலையங்களிலிருந்து நீர் வெளியேறினாலோ, தெங்குமரஹடாவில் ஒரு துளி மழை இல்லாதபோதும் ஆறு மளமளவென்று ஏறும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றவர் கழுத்தளவில் நிற்க அதிக நேரம் ஆகாது. அங்கே பாலம் இல்லை. பவானிசாகரிலிருந்து காராச்சிக்கொரை சோதனைச்சாவடி வழியாகக் காட்டுக்குள் வரும் பேருந்து வடகரையிலேயே நின்றுவிடும். ஊரார் பரிசலில்தான் தென்கரைக்குப் போகிறார்கள். வெள்ளம் வந்தால் பரிசலும் ஓடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய கர்ப்பிணிகளும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்களும் கரையிலேயே காத்துக் கிடந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஊர்க்காரர்கள் இருக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் போகக்கூடாது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். 1948இல், நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில், கூடுதல் உணவு விளைவிக்கும் திட்டத்தின் கீழ்க் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து, வனநிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து, அரசே அந்த மக்களைத் தெங்குமரஹடாவில் குடியேற்றியது. பள்ளத்தாக்கின் இருளர் குடிகளோ அதற்கும் பல தலைமுறைக்கு முந்தியவர்கள். அவர்கள் அங்கே வாழ்கிறார்கள். நாம் பொழுதுபோக்கப் போகிறோம். அவர்களையே இடம்பெயர்க்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறுவது பற்றி அந்தக் குடும்பங்கள் கலங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதே ஊரின் ஆற்றங்கரையைக் கொண்டாட்டத் தலமாக நாம் விளம்பரம் செய்வது எனக்கு மனம் ஒப்பாத செயலாகப் படுகிறது. நாளில் மிகச் சில முறை மட்டுமே ஓடும் அந்தப் பேருந்தில் ஒரு பயணக் குழு ஏறி இருக்கைகளை நிரப்பிவிட்டால், சந்தை முடிந்து அரிசி மூட்டையோடு திரும்பும் பெண் படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தியமங்கலம் காடு 2008இல் வனஉயிரினச் சரணாலயமாகவும், 2013இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022இல் பன்னாட்டு விருதையும் பெற்றது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி வெளியார் நுழையக்கூடாது; அங்கே வசிப்பவர்கள், நிலம் உடையவர்கள், பொதுச்சாலை வழியே கடந்து செல்பவர்கள் போன்றோருக்கு மட்டுமே விலக்கு உண்டு. 30ஆம் பிரிவு தீ மூட்டுவதைத் தடுக்கிறது. ஊரில் உறவினர் இருப்பதாகச் சொல்லி உள்ளே போவதும், தெரிந்த ஒருவரின் வண்டியில் போவதும் அனுமதி ஆகிவிடாது. கரையில் மூன்று கல் கூட்டிச் சோறாக்குவது வாடிக்கையாகிவிட்டது. பங்குனி வெயிலில் அந்தக் காய்ந்த புல்காட்டில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதைக் காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் நடந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. வாகனங்களில் அடிபட்டு உயிரினங்கள் செத்துக்கொண்டே இருந்ததால்தான் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி அந்த நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் கட்டுப்பாட்டால் தாளவாடி மக்களும், காய்கறி ஏற்றும் விவசாயிகளும் பட்ட சிரமம் சிறிதன்று, போராட்டங்கள் நடந்தன. கரும்பு லாரியிலிருந்து எறிந்த கரும்புக்காகச் சாலையோரம் யானைகள் காத்து நிற்கப் பழகியதும் அந்தச் சாலையில்தான். நம் அலட்சியத்தின் விலையை முதலில் விலங்குகளும் பிறகு அங்கே வாழும் எளிய மக்களும்தான் கட்டுகிறார்கள். விருந்தாளியாக வந்தவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுகிறார்கள். மாயாற்றிலும் அதுவே நடக்கும் என்று அஞ்சுகிறேன். 2004 வரை வீரப்பன் பெயரைச் சொல்லி யாரும் எட்டிப் பார்க்காத காடு இது. அந்த அச்சம் நீங்கியதில் எல்லோரையும்போல எனக்கும் நிம்மதிதான். ஆனால் அச்சத்தால் காக்கப்பட்டதை இனி நம் பொறுப்பால்தான் காக்க முடியும்.

பார்த்தால்தானே பற்று வரும், பார்க்காத காட்டுக்காக யார் குரல் கொடுப்பார்கள் என்று நீங்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகள் மாயாற்றைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு நான் சொல்லும் வழி இது. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோடநாடு காட்சிமுனைக்கு அழைத்துப் போங்கள். மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்பட்டால் பனி விலகும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். பழுப்பு நிற முட்காட்டின் நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு பச்சைக் கோடு தெரியும். அதுதான் நான் இவ்வளவு நேரம் பேசிய கீற்று. தெங்குமரஹடாவின் வயல்கள் சிறு கட்டங்களாகத் தெரியும். இந்தப் பக்கம் ரங்கசாமித் தூண் என்னும் தனிப்பாறை நிற்கும். கிழக்கே, வானம் தெளிவாக இருந்தால், பவானிசாகரின் நீர்ப்பரப்பு மின்னும். ஆற்றங்கரையில் நின்றால் அடுத்த வளைவு வரைதான் தெரியும். நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வறண்ட நிலத்தைத் தாங்குகிறது, எங்கே நம் அணையில் சேர்கிறது என்ற முழுப் படமும் தெரிய மேலேதான் நிற்க வேண்டும். ஒரு நல்ல தொலைநோக்கியைக் கையோடு எடுத்துப் போங்கள். வெயில் ஏறியதும் பாறைச் சுவரை ஒட்டி எழும் வெப்பக்காற்றில் பாறுகள் இறக்கை அசைக்காமல் வட்டமிடுவதை, நேரம் வாய்த்தால், நம் கண்மட்டத்திலேயே பார்க்கலாம். அந்தக் காட்சி கரையில் நிற்பவருக்குக் கிடைக்காது.

ஆற்றை அருகில் பார்க்க விரும்பினால் முதுமலையில் தெப்பக்காட்டுக்குப் போங்கள். ஆறு அங்கே யானை முகாமை ஒட்டியே ஓடுகிறது. வனத்துறை வண்டியிலேயே காட்டைச் சுற்றிப் பார்க்கலாம். அந்த வண்டி ஓடும் பாதையும் நேரமும் வனத்துறையின் கையில் இருப்பதால் உங்கள் குழுவால் புதிதாகக் கெட ஒன்றும் இல்லை. ஆறு முடியும் இடத்துக்குப் பவானிசாகர் இருக்கிறது. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் அணைக்குள் மூழ்கிய டணாயக்கன்கோட்டைக் கோயில் வெளியே தலைகாட்டும்போது அங்கேயும் பரிசலில் கூட்டம் போகிறது. அதையும் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன், வறண்ட அந்தக் காலத்தில் யானைக்கூட்டங்கள் நீர்த்தேக்கத்தின் ஓரப் புல்லைத்தான் நம்பியிருக்கின்றன.

இன்னொரு காரியமும் உங்களால் ஆகும். உங்கள் பயணங்களில் வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இன்னும் மாடு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டு மாட்டுக்கு ஊசி போட மருத்துவர் வரும்போது, தடை செய்யப்பட்ட மருந்துகளைத் தவிர்த்துப் பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் போடச் சொல்லிக் கேட்க அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். மனிதருக்கான டைக்ளோபினாக் புட்டியை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் இருந்ததால்தான் 2015இல் அதன் ஊசிப் புட்டியை 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. காட்டோர ஊர்களில் மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால் ஆத்திரத்தில் சடலத்துக்கு நஞ்சு வைப்பதும் உண்டு; அதைத் தின்று முதலில் சாவது பாறுதான். இழப்பீடு கேட்டு வனத்துறையிடம் விண்ணப்பிக்க முடியும் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். கோவையை மையமாகக் கொண்டு அருளகம் அமைப்பினர் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். உங்களிடம் வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, கேட்பதற்குக் காது கொடுக்கும் இளைஞர் கூட்டம் இருக்கிறது. கரையில் ஒரு பகல் கழிப்பதைக் காட்டிலும் அந்த ஆற்றுக்கு இது பெரிய தொண்டு.

பண்ணாரி மாரியம்மன் குண்டத்துக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறவர்கள் உங்களிலும் உண்டு. பங்குனியில் அத்தனை பேர் கூடும் அந்த இடத்தில், மிதிக்கக்கூடாத இடத்தை மிதிக்காமல், தொடக்கூடாத வேளையில் தொடாமல் இருக்க நமக்கு யாரும் காவல் போடத் தேவையில்லை. அதே பண்ணாரியிலிருந்து சிறிது தொலைவில் ஓடும் ஆற்றுக்கும் அந்த ஒழுக்கத்தைக் காட்ட நம்மால் முடியும் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது மூன்றே காரியங்கள். வரும் கோடைக்கான உங்கள் அறிவிப்பில் தெங்குமரஹடா ஆற்றங்கரைப் பயணம் இருந்தால் அதை நீக்கிவிட்டு, முன்பணம் கட்டியவர்களைக் கோடநாட்டுக்கோ தெப்பக்காட்டுக்கோ அழைத்துப் போங்கள். கரைக்குப் போகும் வழியையும் பரிசல் துறையையும் வரைபடக் குறியோடு காட்டும் பழைய படங்களும் காணொளிகளும் உங்கள் பக்கங்களில் இருந்தால் எடுத்துவிடுங்கள்; நீங்கள் போகாவிட்டாலும் அவற்றைப் பார்த்து இன்னொருவர் போவார். கூடு இருக்கும் மரத்தின் படமாக இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாயாற்றைப் பற்றி உங்கள் குழுவினரிடம் பேச வேண்டும் என்று எந்த ஊரிலிருந்து அழைத்தாலும், நடவும் அறுவடையும் இல்லாத எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் என் செலவிலேயே வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன உழவன் ஒருவன்,
சத்தியமங்கலம் வட்டம்.